ஐந்நூறு சுற்று

அமாவாசையன்று அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு எழும் தறிச்சத்தம் அன்றைக்கு அடியோடு நின்றுபோய், ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுவதும் எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவதும்கூடத் தனித்தனியாகக் காதில் விழும். அதனால்தான் சீனிவாசனால் அந்தச் சத்தத்தை வேறெதுவோ என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அவன் கட்டிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. மரத்தில் மரம் படுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"தந்திய யாரும் தொடலியேண்ணே," என்றான் பத்மராஜ்.

சீனிவாசன் வீட்டு முன்னறையில், இருவருக்கும் நடுவில் மேசைமேல் அந்த எலெக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. பத்மராஜ் வாலாஜாபாத் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாண வீடுகளில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றை நடத்திவந்தான். கடையில் விற்கும் கிட்டார் அவனுக்கு ஆகாது. எலும்பு, சிப்பி, தோலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ரப் பசை, அரக்கு, தேன்மெழுகு என்று உயிரை வருத்தி எடுத்த எதுவும் தன் கையில் படாது என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அப்படியொரு கிட்டாரைச் செய்துதர முடியுமா என்று ரேடியோ மெக்கானிக் சீனிவாசனிடம் வந்து நின்றபோது, செய்துகாட்டுகிறேன் பார் என்கிற வீம்பு சீனிவாசனுக்குத் தலைக்கேறிவிட்டது.

தந்தி உட்காரும் இடத்தில் எலும்புக்குப் பதில் பித்தளை. விரல் வைக்க அடையாளப் புள்ளிகளுக்கு, உடைந்த பல் பிரஷ்ஷிலிருந்து அறுத்த வெள்ளைப் பிளாஸ்டிக். உடலுக்கு, வீணைக்கு எடுப்பதுபோலப் பலா. தந்தியின் அதிர்வை வாங்குவதற்காகக் காந்தத்தைச் சுற்றிய கம்பிக் காயிலை மட்டும் மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். முக்காத காயிலுக்குக் காது உண்டு. தந்தியை மட்டுமல்ல, மரத்தில் விரல் பட்டால், பக்கத்தில் யாராவது பேசினால், அதையும் வாங்கிக்கொள்ளும். தேன்மெழுகு ஆகாதென்றால் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியிருக்கலாம். சீனிவாசன் அதையும் செய்யவில்லை. அந்தக் காயிலைக் கையில் எடுக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

கழுத்துக்குத்தான் நல்ல மரம் தேவைப்பட்டது. ஆறு தந்தி சேர்ந்து இழுத்தாலும் அது வளையக் கூடாது. அக்கா பெரியநாயகியின் குழித்தறியில், நெய்த சேலையைச் சுருட்டுகிற படமரம் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பாவு நூலின் இழுப்பைத் தாங்கியும் அசையாத மரம். அந்தத் தறியில் நெய்துதான் அவள் தம்பியைப் படிக்க வைத்தாள். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவன் தறியைப் பிரித்து, அந்தப் படமரத்தைக் கிட்டார் கழுத்தாக அறுத்தான்.

பத்மராஜ் குனிந்து, மூடி போடாத காயிலைப் பார்த்தான். சுற்றின கணக்கையும் தேதியையும் காகிதத்தில் எழுதி ஒட்டுவது மெக்கானிக்குகளின் வழக்கம். சீனிவாசனும் கை பழகியபடி எழுதி ஒட்டியிருந்தான்.

"ஆறாயிரம் சுத்து. பத்து, பதினொண்ணு, எழுவத்திரெண்டு." பத்மராஜ் நிமிர்ந்தான். "அக்கா தவறுனது அன்னிக்குத்தானேண்ணே?"

"ஆமாம்பா."

"நீங்க கடையில இருந்ததா சொன்னாங்க."

"கடையிலதான் சுத்துனேன்."

பத்மராஜின் பார்வை மூலையில் இருந்த இராட்டைக்குப் போனது. குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுற்ற அக்கா வைத்திருந்த, இந்த வீட்டைவிட்டு வெளியே போகாத இராட்டை. அதில்தான் காயில் சுற்றியதாக அவனிடம் பெருமையடித்தவனே சீனிவாசன்தான். சமணர் வழக்கப்படி இருட்டுமுன் சாப்பிட்டாக வேண்டும் என்று பத்மராஜ் குடையை எடுத்தான்.

"சாப்ட்டு வந்து எடுத்துக்கினு போறேண்ணே." வாசலில் நின்று திரும்பினான். "உள்ள யார்னா இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

அவன் போனதும் சீனிவாசன் சுவிட்சை அணைத்தான். தட்டும் நின்றது. அப்படியென்றால் சத்தம் காயிலுக்குள்தான் இருக்கிறது. காயிலைப் பிரித்துவிட்டால் சத்தமும் போகும், தேதியும் போகும். கம்பி அறுந்துவிட்டது, வேறு சுற்றித் தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பத்மராஜ் நாலு பேரிடம் கேட்பான். பாவம், கடையில் இருந்தவன், கடைசியில் அக்கா முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்று இந்தத் தெருவே அவனைக் கட்டிக்கொண்டு அழுதது. அந்த அழுகையை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டவன் அவன்.

அன்றைக்கு அவன் எந்தக் கடைக்கும் போயிருக்கவில்லை. இதே முக்காலியில் இருந்தான். தலைமயிரைவிட மெல்லிய கம்பி, கொஞ்சம் வேகமாக இழுத்தாலும் அறுந்துவிடும். இராட்டைச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி ஏறுகிற கதிர் பன்னிரண்டு சுற்றும். ஐந்நூறு எண்ணினால் ஆறாயிரம். தொடங்கும்முன் அக்கா பின்னால் வந்து அவன் இடது தோளில் கை வைத்தாள். கை கொதித்தது.

"சீனு, நெஞ்ச அடைக்குதுபா. டாக்டராண்ட போவலாமா?"

"இதோ முடிச்சிட்டு வரேன்க்கா."

அவள் உள்ளே போய்த் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் சுலபமாக வரும். முப்பதாவது சுற்றில் ஒருமுறை கூப்பிட்டாள். அப்புறம் குரல் எழும்பவில்லை போலிருக்கிறது, ஊடைநூலை ஓட்டுகிற மர நாடாவை எடுத்துப் படமரத்தில் தட்டினாள். மூன்று மூன்றாக. எழுந்தால் எண்ணிக்கை போய்விடும். முந்நூற்று அறுபதாவது சுற்றில் தட்டு நின்றது. அப்போது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது.

கிட்டாரிலிருந்து காயிலைக் கழற்றிக் கதிரில் மாட்டினான். கம்பி முனையை வெற்று உருளையில் கோத்தான். தேதிக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றான், பசையின் புளிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினான். ஐந்நூறு. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது, ஈர மண்ணும் கஞ்சிப் பசையும் கலந்த தறியறை வாசனை, தறியே இல்லாத அந்த அறையிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. நானூறு வரை ஒன்றுமில்லை. நல்லவேளை என்று நினைத்தான்.

முந்நூற்று அறுபது.

உள்ளறையில் ஒரு தட்டு.

மிகவும் மெலிந்த தட்டு. நாடாவைத் தூக்கக்கூட முடியாத கை தட்டுவதுபோல. ஆம்ப்ளிஃபயர் அணைந்துதான் இருந்தது. கிட்டார் மேசைமேல் அசையாமல் கிடந்தது. எழுந்துபோய்ப் பார்க்கலாம், பத்தடி தூரம்தான். எழுந்தால் எண்ணிக்கை போய்விடும். அவன் எழவில்லை.

முந்நூறு. இரண்டு தட்டு. இருநூற்று ஐம்பது. மூன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கைக்குப் பலம் கூடிக்கொண்டே வந்தது. நூற்றைம்பதில் உள்ளறைச் சுவர் அதிர்ந்தது. பூஜ்யம் வந்தால் முடிந்துவிடும். அவ்வளவுதான். பூஜ்யம்.

நூறு. அக்காவின் மூச்சு கேட்டது.

அறுபது. கம்பி விரலை அறுத்தது. நிறுத்தவில்லை.

முப்பது.

"சீனு!"

இருபது. தறிக்குழியிலிருந்து யாரோ கை ஊன்றி எழுந்தார்கள். பத்து. ஈரத் தரையில் காலடி. ஐந்து. அவன் திரும்பவில்லை. வாசல் கதவு திறந்தது, குடை மடங்கும் சத்தம், "அண்ணே..." என்ற பத்மராஜின் குரல் பாதியில் நின்றது. இரண்டு. ஒன்று.

கம்பி முழுக்கக் கழன்றது. கதிரில் காந்தம் மட்டும் வெறுமையாக நின்றது.

இடது தோளில் ஒரு கை விழுந்தது. காய்ச்சல் சட்டையைத் தாண்டிச் சுட்டது.

"சீனு, நெஞ்ச அடைக்குதுபா. டாக்டராண்ட போவலாமா?"

போகலாம் அக்கா என்று சொல்லத்தான் சீனிவாசன் வாயைத் திறந்தான். பத்மராஜ் வாசலில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவன் சீனிவாசனைப் பார்க்கவில்லை, சீனிவாசனின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதோ முடிச்சிட்டு வரேன்க்கா," என்றது சீனிவாசனின் வாய்.

தோளிலிருந்து கை எடுபட்டது. காலடி மெதுவாக உள்ளே போனது. அவன் கை, அவனைக் கேட்காமல், கம்பி முனையைக் காந்தத்தில் கோத்துச் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றியது.

"ஒண்ணு," என்றான்.