வாசலில் நிற்கும் வண்டி

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அக்காவும் தம்பியும் அந்தக் கட்டடத்தின் மாடிக்குப் புது வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் சின்ன ஆஸ்பத்திரியாக இருந்த இடம். கட்டில்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்களைப் போட்டிருந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கொக்கிகள் மட்டும் கூரையில் அப்படியே தொங்கின. ஈரம் ஏற ஏறச் சுவரிலிருந்து பழைய மருந்து வாடை கசிந்தது.

"ஆஸ்பத்திரியை ஏன் சார் மூடினாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"வாடகை கம்மியா இருந்தா காரணம் கேக்கக் கூடாதும்மா," என்றார் முதலாளி. "உக்காருங்க."

வேலை இதுதான். ஒரு பெரிய நகரம் முழுக்க வண்டி ஓட்டித் திரிகிற வீடியோ கேம். அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் பணத்தை விளையாடிச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர்கள், தங்கள் கணக்கை முதலாளியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதிலாக இவர்கள் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். நிறையத் தருகிற மிஷன் ஒன்றுதான். சுடப்பட்டுக் கிடக்கும் ஒருவனை வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலுக்குள் கொண்டு சேர்ப்பது.

"சீக்கிரமா கொண்டுபோய்ச் சேத்தா சில்லறைதான் விழும்," என்றார் முதலாளி. "அவன் உசுரு ஊசலாடுற நேரத்துல உள்ள போனா அள்ளிக் கொட்டும். அதனால வாசல் வரைக்கும் பறந்து போங்க. அங்க நிறுத்திட்டு, திரை ஓரத்துல தெரியுற இந்த மஞ்சக் கோடு உச்சிக்கு ஏறுற வரைக்கும் சும்மா நில்லுங்க."

"நிக்கும்போதே அவன் செத்துட்டா?"

"மிஷன் போச்சு. அதுக்கு ஒரு மூச்சு முன்னாடி உள்ள விடணும். அதானே தொழிலே!"

வாசலில் சக்கரம் பட்டாலே மிஷன் முடிந்துவிடும். வேன் தப்பித்தவறி முன்னால் உருண்டுவிடாமலிருக்க, கூட விளையாடுகிறவன் ஒரு லாரியைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே நிறுத்துவான். கோடு உச்சியைத் தொட்டதும் லாரியை விலக்குவான். வேன் அக்காவுக்கு, லாரி தம்பிக்கு என்று முடிவாயிற்று.

தம்பி நெட்டை. அக்கா அவன் தோளுக்குத்தான் வருவாள். வீட்டுக்குள் அவளைக் 'குட்டக்கா' என்பான். வெளியே அப்படிக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும் என்பதால், வெறும் அக்காவோடு நிறுத்திக்கொள்வான். இழுப்பு நோய்க்காரன். மூட்டை தூக்கும் வேலையில் மூச்சு முட்டிப்போய், உட்கார்ந்து செய்யும் வேலையாகத் தேடி அவள்தான் இங்கே கூட்டிவந்திருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். வேனின் பின்சீட்டில் கிடந்தவன் ஏதோ புரியாத பாஷையில் முனகிக்கொண்டே வந்தான். வாசலில் லாரி குறுக்கே நின்றது. மஞ்சள் கோடு மெல்ல ஏறியது.

"பாவமா இருக்குடா. உள்ள விட்டுடலாமா?"

"பொம்மைக்கா அது. விட்டா இறங்கிப் போய் விசிறி விடுவ போலிருக்கே!"

கோடு உச்சியைத் தொட்டது. லாரி விலகியது. பணம் கொட்டியது. பின்னால் நின்ற முதலாளி மேசையில் தட்டிப் பாராட்டினார்.

அடுத்த ஓட்டத்தில், வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது முனகல் நின்றுபோனது.

"குளிருது."

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். வேனின் பின்சீட்டில் இருட்டு மட்டுமே இருந்தது.

"குட்டக்கா... குளிருது."

சட்டென்று திரும்பித் தம்பியின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "வேலை நேரத்துல என்னடா விளையாட்டு?"

"நான் வாயையே திறக்கலியே!"

அவன் உதடு வெளுத்திருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிப்பது போல் மூச்சு வந்தது. "ஈரக் காத்துக்கா," என்று சொல்லி இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டான். இழுப்பு அடங்கவில்லை. மறுபடியும் இழுத்தான். அதற்குள் கோடு உச்சிக்கு வர, லாரியை விலக்கினான். வேன் வாசலுக்குள் நுழைந்தது.

நுழைந்த அதே நொடியில் அவன் மூச்சு சீரானது. குழாயைத் திருகி மூடியது போல இழுப்பு நின்றது.

மருந்து வேலை செய்துவிட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறென்ன சொல்லிக்கொள்வது?

"வீட்டுக்குப் போயிடலாமாடா?"

"வந்த அன்னிக்கேவா? நாளைக்கு உள்ளயே விட மாட்டாரு. ஓட்டுக்கா."

மறுபடியும் வாசல். மறுபடியும் லாரி குறுக்கே. மழை வலுத்து, அறை மங்கியது. மருந்து வாடை இப்போது சுவரிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"உள்ள விடு குட்டக்கா." காதுக்குள் தம்பியின் குரல். "எதுக்கு வாசல்லயே நிக்கிற?"

அவள் அசையவில்லை.

"மூச்சு முட்டுது."

பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

தம்பி கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தான்.

"டேய்!" ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவனை உலுக்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சே இல்லை. திரையில் மஞ்சள் கோடு மட்டும் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. வேன் உள்ளே போனால் இவன் பிழைப்பான். அவளுக்கு அது தெரிந்தது, எப்படி என்று தெரியாமலே.

லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இரும்மா, இன்னும் ஏறும்!" முதலாளி கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனைத் தூக்கப் பார்த்தாள். அந்த நெட்டை உடம்பு அசையவில்லை. அவன் நெஞ்சுக்கு அடியில் கையை நுழைத்துக் கீபோர்டைத் தடவினாள். புறங்கையில் அவன் இதயம் ஒருமுறை துடித்தது. பிறகு துடிக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள். லாரி முன்னால் பாய்ந்து சுவரில் மோதியது. வேறொன்றை அழுத்தினாள். லாரி பின்னால் நகர்ந்தது.

நூல் இடைவெளி. வேனை அதற்குள் செருகினாள்.

கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவனைப் போல் தம்பி வாயைத் திறந்து மூச்சை இழுத்தான்.

"கெடுத்தியேம்மா!" என்று கத்தினார் முதலாளி. "பாதிகூட ஏறலியே!"

"சார், என் தம்பி சாகக் கிடந்தான் சார்! அந்த வேன்ல யாரோ இருக்காங்க!"

"இழுப்புக்காரனை வேலைக்குக் கூட்டிட்டு வந்துட்டு, வேன்ல ஆள் இருக்குன்னு கதை சொல்றியா? நகரு. காத்திருக்கிறது எப்படின்னு நான் காட்டறேன்."

இரண்டு கீபோர்டையும் தன் பக்கம் இழுத்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்தார். அக்கா தம்பியைக் கைத்தாங்கலாக நடத்திப்போய் மாடிப்படியில் உட்கார வைத்தாள். முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பியபோது, திரையில் வேன் வாசலுக்கு வந்திருந்தது. லாரி குறுக்கே.

முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன புதுசா சேத்திருக்கான்? 'அப்பா'ங்குது! அச்சு அசலா என் பொண்ணு குரலு!"

"சார்!" அக்கா ஓடினாள். "லாரியை எடுங்க சார்! உள்ள விட்டுடுங்க!"

மேசை ஓரத்தில் அவருடைய செல்போன் அதிர்ந்து, நகர்ந்து, கீழே விழுந்தது. 'வீடு' என்று தரையில் கிடந்து மின்னியது.

ஹெட்போனுக்குள் இருந்தவருக்கு அது கேட்கவில்லை. திரும்பாமலே கையை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

"இரும்மா. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."