எழுந்து நின்ற பெரியப்பா

காதல் என்பது ஏழு பிறவிக்கும் தொடர்கிற பந்தம். இரண்டு உயிர்கள் எந்த வேளையில், எந்த இடத்தில், எதைத் தொட்டபடி ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்க்க வேண்டும் என்பதை உலகம் உண்டாகும் முன்பே ஆண்டவன் முடிவு செய்துவிடுகிறான்.

நிஷாந்தினி விஷயத்தில் அவன் முடிவு செய்த இடம், பதுளை டவுனில் ஜுனைதீன் நாநாவின் மருந்துக்கடை. தொட்ட பொருள், பெரியவர்களுக்குக் கட்டுகிற பெம்பர்ஸ் பக்கெட். லார்ஜ் சைஸ்.

கடையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வெளியே ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அவள் பக்கெட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. நிமிர்ந்தாள்... கண்கள்! நனைந்த இமைகளுக்குக் கீழே, அப்போதுதான் இறக்கிய, பால் சேர்க்காத சாயத்தண்ணி போல ஆழமாய், சூடாய், இரண்டு கண்கள்... இப்படிப்பட்ட கண்ணுக்குச் சொந்தக்காரன் கையில் ஒரு ரோஜாப்பூ இருந்திருக்கலாம்தான். இல்லை.

"நான்தான் மொதல்ல எடுத்தேன்," என்றாள்.

"நீங்க மொதல்ல தொட்டீங்க. எடுத்தது நான்."

"தொடாம எப்படிங்க எடுக்கிறது? வாயாலயா?"

அவன் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தான். பிறகு, பெருந்தன்மை முகத்தில் பொங்கி வழிய, பிடியை விட்டான். "சரி, எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான் அவசரம் போல இருக்கு."

"எனக்கில்ல!"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இருமல் மருந்துக்கு நின்றவர்கள் இருமலை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"எங்க பெரியப்பாவுக்கு!"

"எனக்கும் இல்ல," என்று அவனும் கடையைப் பார்த்து அவசரமாக அறிவித்தான். "எங்க அத்தைக்கு."

"யாருக்கா இருந்தா என்ன தம்பி," என்றார் ஜுனைதீன் நாநா. "நாளக்கி சாமான் வருது. இன்டைக்குப் புள்ள கொண்டு போகட்டும்."

ஸ்பிரிங்வெளி பஸ் ஏறின பிறகும் அவள் காது சுட்டுக்கொண்டே வந்தது. 'அவசரம் போல இருக்கா? ஆளப் பாரு... மூஞ்சப் பாரு... கண்ணப் பாரு...' கண்ணில் வந்ததும் திட்டு நின்றுபோயிற்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதுவும் அவன் மாதிரியே தெரிந்தது.

பெரியப்பா ரெங்கசாமி, தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். பக்கவாதம் வந்து ஒரு வருசமாகப் படுக்கை. பகலில் பார்த்துக்கொள்வது அதே லயத்து வரிசையில், பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிற சின்னம்மா. அவளும் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று மாதக் கடைசியில் பெரகலைக்குப் போகிறாள். அரசாங்கத்தின் பராமரிப்பு உதவி கிடைத்தால் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைக்கலாம். கிடைக்காவிட்டால் நிஷாந்தினி டவுனில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தால் அடுப்பும் உட்கார்ந்துவிடும்.

இப்படி ஓர் உதவி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடாக இருந்தது. ஓர் ஆபீஸில் கேட்டால் அடுத்த ஆபீஸ் என்றார்கள். அடுத்த ஆபீஸில் கேட்டால் முதல் ஆபீஸ் என்றார்கள். இரண்டு ஆபீஸுமே அவள் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டன. மறுநாள் காலையில் நேரில் பார்க்க ஆபீசர் வருகிறாராம்.

காலையில் கொல்லைப் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவள், வாசலிலேயே குடத்தோடு நின்றுவிட்டாள். பெரியப்பா கட்டிலில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் வழவழவென்று சிரைத்திருந்தது. நெற்றியில் பட்டை விபூதி. மேலே, கங்காணி காலத்துக் கறுப்புக் கோட்டு!

"சின்னம்மா... என்ன இது?"

"ஆபீசர் வர்றாருல்ல. அழுக்கு பெனியனோட உக்கார வைக்கச் சொல்றியா? நம்ம லயத்துக்கு ஒரு மருவாதி வேணாம்?"

"முடியாத ஆளுன்னு எழுதிக் குடுத்திருக்கோம்! இப்ப பாத்தா மாப்பிள்ள மாதிரி இருக்காரு!"

"எங்க அத்தான் எப்பவும் அப்படித்தான்," என்றாள் சின்னம்மா பெருமையாக.

கோட்டைக் கழற்ற அவள் ஓடுவதற்குள் வாசலில் செருமல் கேட்டது. திரும்பினாள். குடை. குடைக்குக் கீழே... அதே கண்கள்.

குடம் நழுவித் தரையில் உருண்டது.

"நீங்களா!"

"நீங்களா!" என்று அவனுக்கும் வாய் பிளந்தது. ஆனால் உத்தியோகம் அல்லவா, உடனே மூடிக்கொண்டது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கி, குரலை இறக்கி, "நான் ஜெயரூபன். அபிவிருத்தி உத்தியோகத்தர். கள ஆய்வின் நிமித்தம் வருகை தந்திருக்கின்றேன்," என்றான்.

"என்னாடி சொல்றாரு?" என்றாள் சின்னம்மா.

"பெரியப்பாவப் பாக்க வந்திருக்காராம்."

"அதச் சொல்ல வேண்டியதுதானே."

ஜெயரூபன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கோட்டைப் பார்த்தான். விபூதியைப் பார்த்தான். புருவம் மேலே போயிற்று.

"விண்ணப்பதாரர் சுயமாக எழுந்து நிற்க இயலுமானவரா?"

"எங்கங்க... ஒரு வருசமா எந்திரிச்சதே இல்ல. உக்கார்றதே தலகாணி புண்ணியத்துலதான்." அவள் குரல் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"நல்லது. முதலில் பெயரை உறுதிப்படுத்திக்கொள்வோம்." கையிலிருந்த லிஸ்ட்டைத் தூக்கிப் பிடித்தான். நெஞ்சை நிமிர்த்தினான். ஆபீசர் என்றால் குரலிலும் ஆபீசர் இருக்க வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல... கூரைத் தகரம் அதிரக் கூப்பிட்டான்.

"ரெங்கசாமி!"

"இருக்கேன் தொர!"

பெரியப்பா எழுந்து நின்றார்.

நின்றார்! ஒரு வருசமாக ஸ்பூனைத் தூக்காத கை, கட்டில் தலைமாட்டைப் பிடித்திருந்தது. கோட்டுப் பட்டன் நேராக, கண் நேராக, அட்டென்ஷனில் நின்றார். சின்னம்மா "முருகா!" என்று சுவரில் சாய்ந்தாள். ஜெயரூபனின் பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நின்று குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. சுகமில்லாமல் போனால் அரைப் பேர், பாதிச் சம்பளம். வாலிபம் தொட்டு அவர் காதில் விழுந்த விடியல் எல்லாம் அதுதான். கையும் காலும் எல்லாவற்றையும் மறந்த பிறகும், அந்த உடம்பில் எங்கோ ஒரு மூலையில் அது மட்டும் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

"எனக்கு முழுப் பேருதானே தொர?" என்று கேட்டார் பெரியப்பா. கேட்டுவிட்டு, வேரோடு சாய்கிற மரம் போல, அப்படியே ஆபீசர் மேல் விழுந்தார்.

இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். ஆபீசரின் வெள்ளைச் சட்டை நனைந்திருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை.

அவள் ஓடினாள். ஆனால் அதற்குள் அவன் ஒரு கையைப் பெரியவரின் கழுத்துக்குக் கீழேயும் மறுகையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, "மெதுவா... மெதுவாங்கய்யா... ஒண்ணுமில்ல..." என்று சொல்லிச் சொல்லித் தூக்கினான். ஒருக்களித்துப் படுக்க வைத்தான். முதுகுக்குத் தலையணை செருகினான். பழகிய கை. அத்தையைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை... நிஷாந்தினியின் நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று மெத்தென்று உட்கார்ந்தது.

அடுத்த நிமிஷமே எழுந்தும்விட்டது.

"நின்னாரே..." என்றான் அவன், பேனாவைப் பொறுக்கியபடி. முகத்தில் இருந்தது அதிகாரம் இல்லை, திகில்.

"விழுந்தாரே!"

"விழுந்தாருதான். ஆனா கேள்வி நிக்க முடியுமாங்கிறதுதானேங்க... என் கண்ணால பாத்துட்டேன். இல்லன்னு எப்படி எழுதுறது?"

"உங்க மேலயேதானே விழுந்தாரு! உங்க சட்டையக் கேளுங்க, அது சொல்லும்!" அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை. முறைத்தாள். "போங்க... போய் என்ன வேணும்னாலும் எழுதுங்க. மாதக் கடைசிக்கு மேல நான் வேலைக்குப் போக முடியாதுன்னு மட்டும் மறந்துறாதீங்க."

அவன் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு ஆபீஸிலிருந்து சத்தமே இல்லை. மழை மட்டும் வந்து வந்து போயிற்று. சின்னம்மா பெரகலைக்கு எடுத்துப் போகப் பழந்துணியெல்லாம் மூட்டை கட்டத் தொடங்கினாள். நிஷாந்தினி துணிக்கடை முதலாளியிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். ஒத்திகைக்கு நடுவில் இரண்டு சாயத்தண்ணிக் கண்கள் வந்து நின்றன. விரட்டினாள். போகவில்லை.

ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு ஆபீசர் வந்தார். றுஸைனா மேடம். யார் பேரையும் கூப்பிடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பெரியப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். விட்ட பிறகும் அது மேடத்தின் மடியிலேயே கிடந்தது. சின்னம்மா உடை மாற்றுவதையும், சோறு ஊட்டுவதையும், பாதிச் சோறு வெளியே வருவதையும் கடைசி வரை இருந்து பார்த்தார்.

"எழும்பின கதையும் கேட்டன், விழுந்த கதையும் கேட்டன்," என்றார். "டொக்டர் சொன்னதும் இரிக்கி. நான் சிபாரிசு செய்றேன் மகள். யோசிக்க வாணாம், கெடைக்கும்."

நிஷாந்தினி பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "அந்த... அவரு வரலீங்களா மேடம்?"

"ஜெயரூபன் தம்பிக்கு இந்தக் கேஸ் பார்க்க ஏலாது. சொந்தக்காரங்கட கேஸ சொந்தக்காரங்க பார்க்கப்படாதே. அவரே வந்து சொல்லி என்ட கையில தந்திட்டார்."

"சொந்தமா? எங்களுக்கா? என்ன சொந்தம்?"

றுஸைனா மேடம் குடையை எடுத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "நானும் அதத்தான் கேட்டன். 'இன்னும் முடிவாகல்ல மேடம்' என்டார்."

சின்னம்மாவின் கையிலிருந்த சோற்றுக் கிண்ணம் அப்படியே அந்தரத்தில் நின்றது.

மறுநாள் வேலை விட்டதும் அவள் நேராக அந்த ஆபீஸ் வாசலுக்குப் போனாள். மழை சாட்டையாய் அடித்தது. அவன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் குடையை விரிக்க மறந்து, மழையிலேயே நின்றுவிட்டான்.

"எங்க வீட்டுக்கு நீங்க என்ன மொற?" என்றாள்.

"மொற... வந்து..." கள ஆய்வு, நிமித்தம், வருகை எல்லாம் மழையில் கரைந்து ஓடிவிட்டன. "இன்னும் விண்ணப்பிக்கலீங்க..."

"உதவியக் குடுத்துட்டு அதக் காட்டிப் பொண்ணு கேக்கலாம்னு திட்டமா?"

"ஐயோ, இல்லீங்க! குடுக்கிறது நானா இருக்கக் கூடாதுன்னுதானே கோப்ப அவங்ககிட்ட குடுத்தேன்!" குரல் உடைந்தது. "நின்னாருன்னு எழுதினா உங்க வேல போயிரும். நிக்கலன்னு எழுதினா பொய். பேனாவப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பெரியவரப் பத்தித்தான் யோசிக்கணும்... ஆனா நீங்க அழாம மொறைச்சீங்களே, அதுதான் வந்து வந்து நின்னுச்சு. அப்பத்தான் வெளங்கிச்சு, நான் இந்தக் கேஸ தொடவே கூடாத ஆளுன்னு."

அவள் குடைப்பிடியைத் திருகினாள். மழை பேசியது.

"சிபாரிசு கெடைக்கலன்னாலும் இதேதான் வந்து சொல்லியிருப்பேன்," என்றான். "எங்க வீட்ல அத்தை படுக்கையில. உங்க வீட்ல பெரியப்பா. ரெண்டு கட்டிலையும் ஒரே வீட்டுல போட்டா, பகல்ல ஒரு ஆள் வச்சாப் போதும், ராத்திரிக்கு நாம மாறி மாறி..."

"இது என்ன, ஆசையச் சொல்றீங்களா, பட்ஜெட் வாசிக்கிறீங்களா?"

"ஆசதாங்க..." அந்தக் கண்கள் தாழ்ந்தன. "உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு நிஷாந்தினி."

இமை நுனியில் ஒரு துளி நின்றது. மழையா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. அவள் தன் குடையை அவன் பக்கம் மெல்லச் சாய்த்தாள். தோள் பட்டது... படட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எனக்கும்தான்," என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "ஆனா யார்கிட்டயும் இப்பவே சொல்லிறாதீங்க. மொதல்ல நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான்.

ஆபீஸில் இந்தச் சம்பந்தத்துக்குப் போன வெள்ளிக்கிழமையே கேக் வெட்டிவிட்டார்கள். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தான்.