கழுவாத கால்

எங்கள் ஆலயத்தில் ஒரு மாதமாக எல்லோருக்கும் கால் பைத்தியம் பிடித்திருந்தது.

காரணம் ஓவியர் அக்கா. பலிபீடத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வெள்ளைச் சுவரில், இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவும் படத்தை வரைய அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததும் வராததுமாக அவர் ஒன்று சொன்னார்.

"பன்னிரண்டு சீடருக்கும் இந்தச் சபையில இருக்கிறவங்க காலைப் பார்த்துத்தான் வரையப் போறேன். இஷ்டப்பட்டவங்க சனிக்கிழமை வந்து உட்காருங்க."

அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். தையல்கார அத்தை நகச்சாயம் பூசிக்கொண்டு வந்தார். "சீடர் நகச்சாயம் போட மாட்டாருங்க" என்று அக்கா சொன்னதும் அத்தையின் முகம் தொங்கிப்போனது. பேருந்து ஓட்டுநர் மாமா வழியில் தூசி பட்டுவிடும் என்று புதுக் காலுறை மாட்டி வந்தார். ஆனால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"என் காலை யூதாஸுக்கு வச்சிட மாட்டீங்களே?"

"அதைச் சொல்ல மாட்டேன்" என்பார் அக்கா. பாவம், ஓட்டுநர் மாமாவுக்கு ஒரு வாரம் தூக்கமே இல்லையாம்.

நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஆலயத்துக்குப் போய்விடுவேன். சலவைக்கடையில் அம்மா இஸ்திரி போட்டு முடிக்க ஆறு மணி ஆகும். அதுவரை முன் பெஞ்சில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பேன். என்னை எல்லோரும் 'கேள்விமூட்டை' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் என் அப்பா.

ஒரு நாள் நான் போனபோது பதினோரு சீடர்களுக்குக் கால் வந்துவிட்டிருந்தது. பாக்கி இருந்தது பேதுருவின் கால் மட்டும். படத்தில் இயேசு தூக்கிப் பிடித்திருப்பது அந்த வலது காலைத்தான். அதன் உள்ளங்கால் நம்மைப் பார்த்து இருக்கும். அதற்குத் தன் காலைத்தான் வரைய வேண்டும் என்று சபைச் செயலாளர் மாமா முதல் நாளே சொல்லி வைத்துவிட்டார்.

"அக்கா, ஒரு கேள்வி" என்றேன்.

"வந்துட்டியா? கேளு."

"எல்லார் காலும் பளபளன்னு இருக்கே. கழுவின காலை இயேசு எதுக்கு மறுபடியும் கழுவுறாரு?"

அக்காவின் தூரிகை நின்றது. ஸ்டூலில் இருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"ஆமாடி. எல்லாரும் வீட்லயே தேய்ச்சுக் கழுவிட்டுத்தான வந்தாங்க. ஏதோ குறையுதுன்னு எனக்கும் மூணு வாரமா மண்டை குடைஞ்சுது" என்றார். பிறகு, "அழுக்குக் காலுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டார்.

"எங்கப்பாகிட்ட இருந்துச்சு" என்றேன்.

அப்பா பாதாளச் சாக்கடை சுத்தம் செய்கிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குழிக்குள் இறங்கியவரை விஷவாயு கொன்றுவிட்டது. "நாங்க இறங்கச் சொல்லல, அவராத்தான் இறங்கினார்" என்று வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். ஏணியில் ஏறி பல்பு மாட்டவே பயப்படுகிற என் அப்பா, இருட்டுக் குழிக்குள் ஆசைப்பட்டா இறங்கியிருப்பார்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று கால் கழுவுவார். அதற்காக அம்மா ஒரு வாளி வெந்நீர் தயாராக வைத்திருப்பாள். அன்றும் வைத்திருந்தாள். அப்பா வரவில்லை, தண்ணீர் ஆறிப்போனது. மறுநாள் அப்பாவை மூடிக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். அவர் காலையாவது பார்க்கிறேன் என்று அம்மா கெஞ்சினாள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்த வாளியைத் தொடவே இல்லை.

"அப்பா காலோட படம் ஏதாவது இருக்கா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"காலை யாராவது படம் எடுப்பாங்களா?" என்றேன். அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு எங்கள் வாசல்படி ஞாபகம் வந்தது.

அந்தப் படிக்குச் சிமெண்டு பூசியவர் அப்பாதான். ஈரம் காய்வதற்குள் நான் அதை மிதித்துவிட்டேன். அம்மா திட்ட வாயைத் திறந்தாள். உடனே அப்பா தன் வலது காலை என் தடத்துக்குப் பக்கத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டு" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காசின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படம் எடுப்போமே, அதே மாதிரி செய்தேன். அக்கா கொடுத்த பெரிய தாளைப் படியில் விரித்துப் பென்சிலால் தேய்த்தேன். சுற்றிலும் கறுப்பானது. கால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பாவின் சுண்டுவிரல் வெளியே வளைந்திருக்கும். அதுகூட அப்படியே வந்தது.

சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனேன். செயலாளர் மாமா ஏற்கெனவே வந்துவிட்டார். காலுறையைக் கழற்றி, காலை ஸ்டூலில் வைத்திருந்தார். சோப்பு வாசனை கதவு வரைக்கும் வந்தது.

"அது என்ன பாப்பா?"

"எங்கப்பா கால். பேதுருவுக்குக் கொண்டு வந்திருக்கேன், மாமா. சாக்கடைச் சேறோட வரையணும்."

மாமா நெற்றியைச் சுருக்கினார். "ஆலயத்துச் சுவர்ல சாக்கடைச் சேறா? நாலு பேர் பார்க்க வேண்டாமா?"

எனக்குப் பழைய ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. அப்பா எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்து வந்தாலும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்துவிடுவார்கள். ஒரு நாள் இதே மாமா கதவோரம் ஒரு நாற்காலி போட்டு, "இங்க உட்காருங்க, காத்து நல்லா வரும்" என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுதான் இடம். இப்போது அதில் அம்மா உட்காருகிறாள்.

கோபமாகப் பேசத்தான் நினைத்தேன். ஆனால் அழுகைதான் வந்தது.

"உங்க கால் கழுவியாச்சு, மாமா. எங்கப்பா காலை அன்னைக்கு யாருமே கழுவல."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். குனிந்து ஒரு காலுறையை மாட்டினார், அப்புறம் இன்னொன்றை. அதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"வரைங்கம்மா. சேறோடயே வரைங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அக்கா தாளை விரித்தார். "பக்கத்துல இந்தக் குட்டிக் கால் யாரோடது?"

"என்னோடது. அதை வரைய வேண்டாம், நான் சீடர் இல்ல."

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் இன்னும் ஒன்று கேட்டேன். இந்தத் தடவை அது கேள்வி இல்லை. அவர் காதில் மட்டும் சொன்னேன்.

மறு ஞாயிறு ஆராதனையில் படத்தின் திரையைத் திறந்தார்கள். யாரும் யூதாஸைத் தேடவில்லை. எல்லோரும் இயேசுவின் கையில் இருந்த அந்தச் சேற்றுக் காலைத்தான் பார்த்தார்கள். பாதிச் சேறு கழுவப்பட்டுத் தண்ணீர் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

கதவோரத்தில் அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தாள். செயலாளர் மாமா அந்தக் கதவோர நாற்காலியைத் தானே தூக்கி வந்து படத்துக்கு முன்னால் போட்டார். அம்மா உட்காரவில்லை. வளைந்த சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவா?"

"ஆமாம்மா."

அம்மா சத்தமில்லாமல் அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்கள் படத்தில் அந்தக் காலுக்குக் கீழே இருந்த பாத்திரத்துக்குப் போயின. அதன் மேலே மெல்லிய வெள்ளைக் கோடுகளாக எழுந்த ஆவிக்குப் போயின.

"வெந்நீரா?" என்று கேட்டாள்.

"நான்தான் போடச் சொன்னேன்."

அம்மா கையை நீட்டி, சுவரில் பாத்திரம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு சரியா இருக்கு" என்றாள்.