யாரும் உரிமை கோராத சாவி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், மழையைவிடச் சத்தமாக இருந்தது ரஞ்சித்குமாரின் குரல். மருத்துவக் கல்லூரியில் மூளை ஆராய்ச்சி செய்கிறவன். எலிகளைத் தவிர எந்த நோயாளியையும் தொட்டதில்லை. ஆனாலும் போனில் பேசுகிற சாக்கில் பாதி வண்டிக்கு வகுப்பெடுத்தான்.

"வலிப்பு நீண்டுட்டா, மூளைய அடக்குற ஏற்பிகள், அதான் ரிசெப்டர்ஸ், செல்லுக்குள்ள போயிடும். தூண்டுற ஏற்பிகள் மேல வந்து குவியும். அதான் லேட்டானா மருந்து பலிக்கிறதில்ல..."

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பினாள். சாரல் தங்கிய இமைகள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்!

"அதாவது சார், சமாதானம் பண்றவன் வூட்டுக்குள்ள பூந்துக்குறான். சண்டைக்காரன் தெருவுக்கு வர்றான். அப்பால மருந்து வந்து யார் கையப் புடிக்கும்? அதான?"

மூன்று வருட ஆய்வேடு மூன்று வரியில் முடிந்துபோனது.

"அவ்ளோ சிம்பிள் இல்லீங்க..." என்றான் விறைப்பாக.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது.

"சாவி குடுங்கப்பா!" வண்டியே கூவியது. ஆளாளுக்கு அவள் கையில் சாவியைத் திணித்தார்கள். கழுத்தில் தொங்கிய ஓட்டல் அடையாள அட்டையில் பெயர் இருந்தது: யோகேஸ்வரி. பின்னால் ஒரு குறிப்பு: 'ஐந்து நிமிடம் தாண்டினால், பையிலுள்ள ஸ்பிரேயை மூக்கில் அடிக்கவும்.'

ரஞ்சித்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் பையைத் துழாவி ஸ்பிரேயை எடுத்தான். ஐந்து நிமிடம் தாண்டியதும் அடித்தான். மெல்ல... நின்றது.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றபோது அவள் கண் விழித்தாள். அவரவர் சாவியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பைக் சாவி மட்டும் அவள் கையில் மிஞ்சியது. அதில் மூளை வடிவப் பொம்மை.

"இது யாருது?" என்றார் கண்டக்டர். ரஞ்சித்குமார் மழையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஏழாம் நாள் அவள் வேலை செய்யும் ஓட்டல் வரவேற்பறையில் வந்து நின்றான். அவள் சாவியை ஆட்டிக் காட்டினாள்.

"இன்னா டாக்டரே, சாவி குடுத்தா வலிப்பு நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப ஏன் குடுத்தீங்கோ?"

"நாலாவது நிமிஷம்... படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. பயந்துட்டேன்."

அவள் சிரிப்பு அடங்கியது. "ரெண்டு மாப்ள வூட்டுக்காரங்க, வலிப்புன்னு சொன்னதுக்கே ஓடிட்டாங்க. நீங்க கண்ணால பாத்துட்டும் வந்துகிறீங்க. சாவிக்கா?"

அவள் வெளியே பார்த்தாள். அவன் பைக் வாசலில் நின்றது, மாற்றுச் சாவியோடு.

"லேட்டானா பலிக்காதுன்னு எனக்குத் தெரியும்... அதான் இப்பவே சொல்லிடறேன். உங்களப் புடிச்சிருக்குங்க."

மூளைப் பொம்மையை அவள் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"அடுத்த தபா ஸ்பிரேய மறக்காதீங்க. சாவி மட்டும் வோணாம்... கையக் குடுங்க."