வெங்காயத்துக்கு அழுதால் குற்றமில்லை

"நேத்து தேங்காச் சில்லு, இன்னிக்குப் புளியங்கொட்ட. எங்க அண்ணன் பொண்ணு வயிறு இன்னா மளிகக் கடையா?"

காசியம்மாளின் குரல் சங்கராபுரம் கடைத்தெரு வரை கேட்டது.

"அவ துன்னதுதான் வந்துது. நானா உள்ள வெச்சேன்?" என்றாள் பச்சையம்மாள்.

வயிற்றில் சிக்கிக்கொண்டதை ஊதி, தடவி வெளியே எடுப்பதற்குத் தொக்கம் எடுப்பது என்று பெயர். அந்தத் தெருவில் அதற்குப் பச்சையம்மாள்தான். சண்டை பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவள் எடுத்திருக்கிறாள். ஆகவே யார் பக்கம் பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். வலி நிக்கலன்னா மலைக்கே இட்டுக்கினு போய் உட்டுடுவேன். பெரியப்பன் வூட்டுல ஆடு மேய்க்கட்டும். படிச்சது போதும்" என்று முடித்தாள் காசியம்மாள்.

வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் இருசம்மாள். மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் மார்கழியில் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனார்கள். போகும்போது அவளை அத்தை காசியம்மாளிடம் விட்டுப் போனார்கள். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அவள் பக்கத்தில் இருந்தாள் செவ்வந்தி. எதிர்வீட்டு இட்லிக் கடை அமிர்தத்தின் மகள், ஒரே பெஞ்சுக்காரி. ஆடு மேய்க்கட்டும் என்றதும் இருசம்மாள் அவள் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்கும் செவ்வந்தி கூடவே போயிருந்தாள். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு நெசமாவே வலிக்குது. ஆனா வயித்துல கோளாறு எதுவும் இல்ல."

காசியம்மாள் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது. தெருவுக்குள் நுழைவதற்குள் அது "நடிக்கிறா" என்று ஆகிவிட்டது.

"நடிக்கிறவங்களுக்கு மேலுதட்டுல வேர்க்குமாம்மா?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"சாம்பாரக் கிண்டுடி, அடிபுடிக்குது" என்றாள் அமிர்தம்.

சரி, நாமே பார்ப்போம் என்று செவ்வந்தி மூன்று நாள் கவனித்தாள். மூன்று நாளும் ஒரே நேரம். நாலே முக்கால் மணி கள்ளக்குறிச்சி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துத் திரும்பும். உடனே இருசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"அந்த பஸ்ஸ உனக்குப் புடிக்காதா?"

"எங்கம்மா அதுலதான் ஏறிச்சு."

"அழுதியா?"

"அழப் போனேன். ஊருக்குப் போறவங்க முன்னாடி அழுதா அவங்களுக்கு ஆவாதுன்னு அத்த சொல்லிச்சு. வாய மூடிக்கினேன்."

"அப்புறமா அழுதிருக்கலாமே?"

"அவங்க இன்னும் வூட்டுக்குத் திரும்பலயே. இப்ப அழுதாலும் ஆவாதுதான?"

செவ்வந்திக்கு விஷயம் புரிந்தது. அழு என்று சொன்னால் இவள் அழமாட்டாள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து சாவாள். வேறு வழி வேண்டும்.

மறுநாள் நாலரை மணிக்குக் கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை ஒரு கூடை தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உரிக்கலாம் வா. கண்ணுல தண்ணி வரும். ஆனா வெங்காயத்துக்கு அழுதா குத்தமில்ல. எங்கம்மா தெனம் அழுவுது, யாருக்கும் ஒண்ணும் ஆவல."

இருசம்மாள் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

பத்து வெங்காயம் உரிப்பதற்குள் கண் கரித்தது. பஸ் ஹாரன் அடித்தது. இருசம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு விம்மல் வந்தது. எந்த வெங்காயமும் யாரையும் அப்படி அழவைத்ததில்லை. செவ்வந்தி தலை நிமிராமல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வழியாகப் போன பச்சையம்மாள் நின்றாள். "இன்னாடி ஆச்சு அவளுக்கு?"

"வெங்காயம் அத்த" என்றாள் செவ்வந்தி.

"இவ்ளோ காரமாவா?"

"பெரம்பலூர் வெங்காயம்."

அன்றும் வலி வந்தது. ஆனால் சோறு தின்ன முடிந்தது. அடுத்த நாள் இன்னும் கம்மி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருசம்மாளின் துணியை மூட்டை கட்டி எடுத்து வந்த காசியம்மாளின் முன்னால் போய் நின்றாள் செவ்வந்தி.

"டாக்டர் ரெண்டு சொன்னாரு அத்த. நீங்க ஒண்ணத்தான் கேட்டீங்க." பஸ், அழுகை, வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னாள்.

காசியம்மாளின் குரல் தாழ்ந்தது. அந்தத் தெருவில் அது ஒரு அதிசயம்.

"நான்தான்டி அவள அழக்கூடாதுன்னேன்" என்றாள். மூட்டையைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டாள். அன்று சாயங்காலம் அவளும் வந்து கூடைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிளகு பறிக்கப் போனது அவளுடைய அண்ணன்தானே.

பங்குனியில் அப்பாவும் அம்மாவும் கறுத்துப்போய், முழுசாக வந்து சேர்ந்தார்கள். இருசம்மாளை அங்கேயே படிக்க விட்டார்கள். வலி தான் எடுத்த தொக்கத்தால்தான் போனது என்று பச்சையம்மாள் சொல்லிக்கொண்டாள். பிறகு மகளைக் கட்டிக்கொடுத்த ரிஷிவந்தியத்துக்கே குடிபோனாள். அங்கேயும் நல்ல வரும்படியாம்.

இரண்டு வருடம் கழித்து அமிர்தம் இட்லிக் கடையைக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றினாள். வழியனுப்ப வந்த இருசம்மாள் பஸ் நிலையத்தில் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதாள். காசியம்மாள் அவளை அடக்குவாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவளோ இருசம்மாளை மிஞ்சும்படி அழுதாள்.

செவ்வந்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள்.