பெடாஸ் கொட்டகையில் ஒரு மௌனம்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலையில் இளவெயில், பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை.

பெடாஸ் அருகேயுள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும் ஒரே இடம், சாலையோரப் பேருந்துக் கொட்டகை. மென்பொருள் பொறியாளரான ஷ்வேதா அங்கு நின்றுதான் கோலாலம்பூர் நிறுவனத்துடன் பேசிக்கொண்டிருந்தாள். புது வேலைக்கு மாதம் நாலாயிரத்து எண்ணூறு மலேசிய வெள்ளி தருவார்களாம். ஐந்து மணிக்குள் பதில் வேண்டுமாம். தோட்டத் தொழிலாளியான அவள் அம்மா டிசம்பரில் ஓய்வு பெறுகிறாள். தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்தச் சம்பளத்தில் நகரில் ஓர் அறை கிடைக்கும்… அம்மாவையும் அழைத்துச் செல்ல ஒரு வீடு கிடைக்காது.

"யோசிச்சு சொல்றேன் மேடம்… தேங்க் யூ மேடம்…"

பின்னால் சிரிப்பொலி கேட்டது. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மழைக்கு ஒதுங்கிய இளைஞன். நனைந்த இமைகளுக்குக் கீழே குறும்பு மின்னும் கண்கள்…

"ஒட்டுக் கேக்கிறது தப்புன்னு யாரும் சொல்லித் தரலியா?"

"மழைய விட சத்தமா பேசினீங்க லா. காதைக் கழட்டி மோட்டார்லயா வைக்கிறது?"

பெயர்களைச் சொல்லிக்கொண்டார்கள். அவன் குணாளன். கெமாஸிலிருந்து சிரம்பானுக்குப் போகிறவன். சற்றுத் தயங்கியபின், தனக்கு வந்திருந்த வேலைக் கடிதத்தைக் கைப்பேசியில் காட்டினான். அதே நிறுவனம், அதே வேலை… ஆறாயிரத்து இருநூறு வெள்ளி!

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

"மூணு."

"எனக்கு அஞ்சு!" அவள் கண்கள் சிவந்தன.

"விண்ணப்ப பாரத்துல இப்போ வாங்குற சம்பளத்தை எழுதிட்டீங்களா?"

"கேட்டிருந்தாங்க… எழுதினேன்."

"அதான் விஷயம். நான் காலியா விட்டுட்டேன். என் லெட்டரைக் காட்டிக் கேளுங்க மிஸ்."

கடிதம் வெளியே தெரிந்தால் அவன் வேலையே போய்விடக்கூடும். முன்பின் அறியாத ஒருத்திக்காகவா…? அவள் நெஞ்சு நெகிழ்ந்தது. ஆயினும் தன்மானம் தலைநிமிர்ந்தது.

"உங்க பேரை இழுக்க மாட்டேன். என் சம்பளத்தை என் வாயாலயே கேட்டுக்கிறேன்."

மீண்டும் அழைத்தாள். தன் ஐந்தாண்டு உழைப்பைத் தெளிவாக எடுத்துரைத்தாள். ஆறாயிரத்து எண்ணூறு கேட்டாள். மறுமுனை மௌனமாயிற்று. பதறிப்போய்த் தொகையைக் குறைக்க வாயெடுத்தவளை, உதட்டில் விரல் வைத்துத் தடுத்தான் குணாளன். அவன் கண்களையே பார்த்தபடி அவளும் பேசாதிருந்தாள்…

மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாக மறுமுனை விடைபெற்றது. நாலே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

"குடுத்துட்டாங்க! ஒரு வெள்ளிகூட குறைக்கல!"

"ஐயோ, என்னை விட அறுநூறு கூட லா! நாளைக்கு நானும் சண்டை போடணும்."

இருவரும் சிரித்தார்கள். செம்பனை ஓலைகளின் நுனியில் நீர்த்துளிகள் பொன்னாய் ஒளிர்ந்தன. அம்மாவிடம் ஓட வேண்டிய கால்கள் ஏனோ நகரவில்லை… பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

"சிரம்பான் போகலியா?"

"மழை விட்டு அரை மணி நேரமாச்சு, ஷ்வேதா. உங்களுக்காகத்தான் நிக்கிறேன்."

"தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் குரல் இறங்கிற்று. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க அம்மாகிட்ட வந்து பேசட்டுமா?"

அவள் பேசவில்லை. அவன் பதறினான். "இன்னைக்கே இல்ல… அடுத்த மாசம் கூட…"

ஷ்வேதா தன் உதட்டில் விரல் வைத்தாள். நாணத்தில் சிவந்த முகத்தில் வெற்றியின் புன்னகை மலர்ந்தது.

"கேட்டதைக் குறைக்காதீங்க. எனக்கும் பிடிச்சிருக்கு… மோட்டாரை எடுங்க, வீட்டுக்குப் போலாம்."

அப்பொழுது மணி சரியாக ஐந்து பதினேழு.