பட்டியலில் நான்காவது

வைஃபையில் சேர்ந்த கருவிகளின் பட்டியலில் நான்கு இருந்தன. வீட்டில் இருந்தவை மூன்றுதான்.

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எண்ணினான். கையிலிருக்கும் போன். புது அலுவலகம் அனுப்பிய மடிக்கணினி. உள்ளறையில் மகள் வாலு பொம்மைப் படம் பார்க்கும் டேப்லெட். நாலாவதின் பெயர் திரையின் அடியில் பாதி மறைந்து கிடந்தது. அதை மேலே தள்ளிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. ஆறு வருஷ இரவு வேலை உடம்பிலிருந்து தூக்கத்தை உருவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மணலைக் கொட்டி வைத்திருந்தது.

அந்த வேலையைப் போன வாரம்தான் விட்டான். மாமியார் விட வைத்தார். தன் மகள், அவன் மனைவி, செத்த ஏழு மாதத்தில் அவர் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "ராத்திரி பிள்ளையைப் பக்கத்து வீட்டுல தள்ளிட்டு வேலைக்குப் போறது ஒரு குடித்தனமா, மாப்பிள்ளை?" வீட்டிலிருந்தே பகலில் செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. நாளை காலை எட்டு மணிக்கு ஆரம்பம். இணைப்பு அறுந்தால் வேலை போகும். வேலை போனால் வாலு மாமியார் வீட்டுக்குப் போவாள். ஐந்து வயசு. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எழுந்து நடமாடக் காரணமே இருக்காது.

மூன்று மணிக்கு இந்தப் புது வீட்டுக்கு வந்த கேபிள்காரர் சுவரைத் துளைத்து நீல ஒயரைக் கூடத்து மூலையில் இறக்கினார். ஒயர் வரைக்கும்தான் தன் பாடு என்றார். ரவுட்டரை மாட்டுவது சின்னப் பிள்ளை வேலை என்று போகிறபோக்கில் ஒரு யோசனையும் சொன்னார். பழைய வீட்டு வைஃபையின் பேரையும் பாஸ்வேர்டையும் இதற்கும் வைத்தால் பழைய கருவிகள் எல்லாம் கேட்காமலே தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமாம். சிக்னல் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்.

"ஒரு கோடுன்னா ஆள் தெருவுல நிக்கறார்னு வைங்க சார். நாலு கோடுன்னா மடியில உட்கார்ந்துட்டார்."

பழைய பெயர் 'கும்பகர்ணன்'. பகலெல்லாம் தூங்குகிறான் என்று அவன் மனைவி வைத்தது. பாஸ்வேர்ட் வாலுவின் பெயரும் பிறந்த நாளும். ஒயரைச் செருகினான், பச்சை விளக்குக்காகக் காத்திருந்தான், போனில் அந்த இரண்டையும் அடித்தான். புதிதாக ஒன்றை யோசிக்கச் சோம்பல். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது கூடத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனையோடும் துளைத்த சுவரின் சுண்ணாம்புத் தூளோடும் வேறொன்றும் கலந்திருந்தது. மழை பெய்யாத நாளில் எங்கிருந்தோ வரும் ஈர மண் வாசனை. திரையை மேலே தள்ளினான்.

'ராட்சசி'. ஒரு கோடு.

அவன்தான் மனைவியை அப்படிக் கூப்பிடுவான். அவளும் சிரித்துக்கொண்டே தன் போனுக்கு அதையே பெயராக வைத்துக்கொண்டாள். அந்த போன் எங்கே இருக்கிறது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். செத்த அன்றிரவு அவளுக்கு மூச்சு இழுத்தபோது பதினோரு தடவை அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவன் போன் வேலையிடத்து லாக்கரில் கிடந்தது என்றுதான் ஊருக்குச் சொன்னான். உண்மையில் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டிருந்தது. சும்மா சண்டைக்குக் கூப்பிடுகிறாள் என்று விட்டுவிட்டான். சவப்பெட்டியை மூடும் முன் அவள் போனை அணைத்து, போர்த்தியிருந்த துணிக்கடியில் கைகளுக்கு நடுவே சொருகினான். பதினோரு அழைப்பையும் யாரும் பார்த்துவிடக் கூடாது. ஆறடி மண்ணைவிட நல்ல பூட்டு எது?

யாரோ பக்கத்து வீட்டுக்காரர் இதே பெயரை வைத்திருக்கலாம். இருக்கலாம்.

இரண்டு கோடு.

வெளியே கேட்டின் தாழ்ப்பாள் நகர்ந்தது. காற்று இல்லை.

பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு, தடை செய் என்பதை அழுத்தினான். பெயர் மறைந்தது. மூச்சு விட்டான். மூச்சு முடியும் முன் திரும்பி வந்தது.

பாஸ்வேர்டை மாற்றினான். கைக்கு வந்ததையெல்லாம் அடித்தான். எல்லாம் அறுந்தது. உள்ளே பொம்மைப் படம் நின்றது. "அப்பா, நின்னு போச்சு" என்று வாலு சிணுங்கினாள். புது பாஸ்வேர்டைப் போட்டுத் தன் போனை மட்டும் சேர்த்துவிட்டு, பட்டியலைத் திறந்தான்.

இரண்டு கருவிகள். ஒன்று அவனுடையது.

மூன்று கோடு.

மண் வாசனை இப்போது கூடத்துக்குள். வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது. தரையில் ஏதோ இழுபட்டது. மெதுவாக. அவனைத் தாண்டிப் போனது. உள்ளறைப் பக்கம்.

நாளை எட்டு மணி நாசமாய்ப் போகட்டும். ரவுட்டரை மின்சாரத்திலிருந்து பிடுங்கினான். நீல ஒயரையும் பிடுங்கினான். விளக்குகள் செத்தன. பெட்டி கையில் கதகதவென்று கிடந்தது, வெறும் பிளாஸ்டிக்.

உள்ளே பொம்மைப் படம் மறுபடி பாட ஆரம்பித்தது.

போனைப் பார்த்தான். கும்பகர்ணன். நாலு கோடு.

"வாலு," என்றான். உள்ளறைக்கு ஓடினான்.

உள்ளறையில் டேப்லெட் வெளிச்சம் மட்டும். வாலு சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தாள். பழைய வீட்டில், அம்மாவோடு படுக்கும்போது, அப்படித்தான் படுப்பாள். அந்தக் கடைசி ராத்திரியும் அப்படித்தான் படுத்திருந்தாள். விடியும் வரை தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மெத்தையின் வெளிப்பாதி காலியாக இருந்தது. தலையணை போட்டிருந்தது. அதன் மேல் கொஞ்சம் மண்.

"இங்க வா. அப்பாகிட்ட வா."

"தள்ளிப் படுக்கச் சொன்னாங்க."

கையில் போன் அதிர்ந்தது. ராட்சசி அழைக்கிறாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

வாலு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எடுப்பா," என்றாள். "அன்னைக்கும் நான்தான் பதினொண்ணு வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

காலியான பாதியில் மெத்தை மெல்ல அமுங்கியது. முதலில் இடுப்பு. பிறகு தோள். பிறகு, தலையணையின் நடுவில், ஒரு தலை அளவுக்குப் பள்ளம். அது அவன் பக்கம் திரும்பியது.